ஊருக்கு அனுப்பிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா?



தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயில் பாதையின் இருபுறமும் தொழில் நடத்துகிற நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பையனுக்கு உடம்பு சரியில்லை ஹஜ்ரத், கையில் ஐயாயிரம் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டேன்." சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி. நன்மையான காரியம் ஒன்றைச் செய்து முடித்த திருப்தி. ரமளான் மாதமாக இருந்துவிட்டால் அந்த ஐயாயிரம் ஜகாத் கணக்கிலும் ஏறிவிடும்!

கேட்கிறேன். அந்தப் பையனுக்கு என்ன நோய்? உங்களிடம் வேலைக்குச் சேரும்போதே இருந்ததா, சேர்ந்த பிறகு வந்ததா? அதே மிஷினில் அவனுக்கு முன்னால் நின்றவனுக்கு என்ன ஆயிற்று? அவன் போன மறுநாள் அந்த இடத்தில் யாரை நிறுத்தினீர்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவது முதலாளியின் சட்டக் கடமை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மிஷினில் விரல் போனால் தகவல் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா! தோலில் புண் வந்தால், மூச்சு இரைத்தால், காது மந்தமானால் அது "உடம்பு சரியில்லை." உடம்பு சரியில்லாதவன் ஊருக்குப் போக வேண்டியவன். அத்தோடு பேச்சு முடிந்தது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 89ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய்களில் ஏதேனும் ஒன்று தொழிலாளிக்கு வந்தால் மேலாளர் உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரும் தனியாக எழுத வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பெயர்தான் நீளம், கடமை பழையதுதான். புதிய சட்டத்தின் 12ஆம் பிரிவு அதே கடமையை முதலாளியின் தலையிலேயே நேராக வைக்கிறது. அட்டவணையில் 29 நோய்கள். ஈயம், பாதரசம், ஆர்சனிக் விஷங்கள் இருக்கின்றன. கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், ஆஸ்பெஸ்டாஸ் நோய், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, தொழிலால் வரும் தோல் நோய், தொழிலால் வரும் புற்றுநோய் எல்லாம் இருக்கின்றன. நம் தோல் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இரண்டும் அதில் உண்டு: குரோம் புண், பச்சைத்தோலைத் தொடுபவனுக்கு வரக்கூடிய ஆந்த்ராக்ஸ்.

பட்டியலைப் பார்த்தால் நம் தென்சென்னைப் புறநகரின் வரைபடத்தைப் பார்ப்பது போலிருக்கிறது!

ஒரு ஊரின் பெயரே சாட்சி

குரோம்பேட்டை என்று ஏன் பெயர் வந்தது? குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்தது. அதனால் குரோம்பேட்டை. ஓர் இரசாயனத்தின் பெயரையே ஊரின் பெயராகச் சுமக்கும் இடம் இது. பிறகு பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் என்று தோல் ஷாப்புகள் பெருகின. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை போலவே இங்கும் இந்தத் தொழிலில் நம் சமுதாயத்தின் முதலும் உழைப்பும் நிறைய இருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் அந்தப் பணத்தில் எழுந்தவை. என்னைப் போன்றவர்கள் ஓதிய மதரஸாவின் சோற்றிலும் தோல் வியாபாரிகளின் பங்கு உண்டு. அதை மறந்து பேசுகிறவன் நன்றி கெட்டவன்.

அதனால்தான் பேசுகிறேன்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நம் வியாபாரிகள் மறக்கவே மாட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. பாலாறும் நிலமும் நிலத்தடி நீரும் கெட்டதற்குக் கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர், செங்கை எம்.ஜி.ஆர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பல்லாவரம் அந்தச் செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. எத்தனை லிட்டர், எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோம் என்று கணக்கு இருக்கிறது. தவறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கதவைத் தட்டும்.

நல்லது. ஆனால் அந்த வழக்கு ஆற்றின் வழக்கு. அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போவதற்கு முன்னால் ஒருவனுடைய கையைத் தாண்டித்தானே போகிறது? ஓடையில் போகும் தண்ணீருக்கு மீட்டர் வைத்தோம். தொழிலாளியின் தோலுக்கும் மூச்சுக்கும் மீட்டர் எங்கே?

உள்ளே நடப்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உப்பு போட்ட பச்சைத்தோல் வருகிறது. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஊறுகிறது. முடி நீக்கி, சதை நீக்கி, டிரம்மில் குரோம் உப்போடு சுற்றுகிறது. பிறகு காயவைத்து, மிஷினில் தேய்த்து, சாயமும் பூச்சும் கொடுக்கிறார்கள். நாள் முழுதும் ஈரத்தில் நிற்பவனுக்குக் கை கால் தோல் வெடிக்கிறது. தேய்க்கும் மிஷினில் நிற்பவன் தூசியைச் சுவாசிக்கிறான். பூச்சு அடிப்பவன் கரைப்பானின் ஆவியைச் சுவாசிக்கிறான். குழிக்குள் இறங்குபவனுக்கு சல்பைடு வாயு நிமிடத்தில் உயிரை எடுக்கும். குரோமிலும் ஒரே வகை கிடையாது. தோல் ஷாப்பில் இன்று பெரும்பாலும் பயன்படுவது சற்றுச் சாதுவான வகை. அதுவும் அரிப்பையும் ஒவ்வாமையையும் கொடுக்கும். கொடிய வகை, குரோமேட் செய்யும் ஆலைகளிலும் நம் முலாம் பூசும் பட்டறைகளின் தொட்டிகளிலும் இருப்பது. விரல் முட்டியில் சிறிய, ஆழமான, வலிக்காத ஓட்டை விழும். மூக்கின் நடுச்சுவரே துளைத்துப் போகும். பல ஆண்டு சுவாசித்தவனுக்கு நுரையீரலில் புற்று வரலாம்.

ஓட்டை வலிக்காது என்றேனே, அதைக் கவனியுங்கள். வலிக்காததால் அவன் சொல்ல மாட்டான். அவன் சொல்லாததால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். மருந்துக் கடையில் பெட்னோவேட் வாங்கித் தடவிக்கொண்டு மறுநாளும் வருவான். அதனால்தான் சட்டம் பரிசோதனையைத் தொழிலாளியின் வாய்க்கு விடாமல் முதலாளியின் பொறுப்பாக்கியது. தோல் பதனிடுதலும் மின்முலாம் பூசுதலும் அபாயகரமான தொழில்கள் என்று பழைய சட்டத்தின் அட்டவணையிலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட தொழிலில் வேலை செய்பவனுக்கு மருத்துவப் பதிவேடு வைக்க வேண்டும், அதை அவன் கேட்டால் காட்ட வேண்டும் என்பது அரை நூற்றாண்டுக் காலச் சட்டம் வளர்ந்து வந்து சொன்ன விஷயம். 1995 ஜனவரி 27 அன்று ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய வாழும் உரிமையின் பகுதி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ஆரோக்கியப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றது.

நாற்பது ஆண்டுகள்! நாம் நான்கு மாதச் சம்பள நோட்டைத் தேடினால் கிடைக்காது.

தூசிக்கு ஊர் தெரியாது

தோல் தொழிலை மட்டும் நான் குறிவைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். வேளச்சேரி சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் கிரானைட், மார்பிள் கடைகள் வரிசையாக நிற்கின்றன. நம் சகோதரர்கள் பலர் அந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள். இப்போது வீட்டுச் சமையல் மேடைக்கு 'குவார்ட்ஸ்' பலகை கேட்கிறார்கள். அந்தச் செயற்கைக் கல்லில் பெரும்பகுதி சிலிக்கா. தண்ணீர் விடாமல் கட்டர் வைத்து அறுத்தால் கிளம்பும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற தூசி அவ்வளவு ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து அதைத் தழும்பாக்குகிறது. இதற்குக் குணம் கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். ஆஸ்திரேலியாவில் கல் அறுப்பவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். இளம் வயதிலேயே நுரையீரல் போனவர்களை எண்ணினார்கள். எண்ணிக்கை கைக்கு வந்ததும் அரசால் சும்மா இருக்க முடியவில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். தடை முதலில் வரவில்லை, அன்பர்களே. எண்ணிக்கை முதலில் வந்தது.

நம் ஊரில்? திரிசூலம், பல்லாவரம் மலைகளை உடைத்த கல்லில்தான் இந்தப் புறநகரின் வீடுகள் எழுந்தன. அந்தக் கல்லை உடைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கல்குவாரி முதலாளியின் பேரேட்டில் எழுதியிருக்கிறது?

தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய நெஞ்சக மருத்துவமனை இன்றும் நிற்கிறது. காசநோய்க்காரர்களுக்காகத் தென்னகம் முழுவதும் பெயர் பெற்ற இடம். கல் தூசி நோயும் காசநோயும் எக்ஸ்ரே படத்தில் ஒன்று போலவே தோன்றக்கூடியவை. கல் தூசி ஏறிய நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறவும் செய்யும். எந்த ஊர் டாக்டராக இருந்தாலும் இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "என்ன வேலை செய்தாய்?" முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர், 1700இல், தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூலே எழுதி, நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று மருத்துவ உலகுக்குச் சொன்னார். தோல் பதனிடுபவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஆள் யார்? எந்தக் கல், எந்த மருந்து, எத்தனை மணி நேரம் என்று தெரிந்த ஆள் யார்? நீங்கள்தான், முதலாளி பாய். நீங்கள் வாயை மூடிக்கொண்டால் டாக்டர் ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுப்பார். காசநோய் போகும். கல் போகாது.

ஊருக்கு அனுப்புவதால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் வேண்டுமா? மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிப் பழங்குடி மக்கள் குஜராத்தில் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். இருமிக்கொண்டே திரும்பி வந்து சொந்தக் குடிசையில் செத்தார்கள். வேலை ஒரு மாநிலத்தில். சாவு இன்னொரு மாநிலத்தில். ஆலையின் கணக்கில் நோயாளி ஒருவரும் இல்லை! தேசிய மனித உரிமை ஆணையம் வரை போய், உச்ச நீதிமன்றம் வரை போய், 2016இல்தான் 238 பேரின் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி குஜராத் அரசுக்கு உத்தரவு வந்தது. 238 என்பது எண்ணப்பட்டவர்கள் மட்டும்.

நம் பட்டறைகளில் இன்று வேலை செய்பவர்கள் யார்? பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். கிஷன்கஞ்சிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் வந்து வெள்ளிக்கிழமை உங்கள் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர்கள். ஆற்காட்டுப் பக்கத்துத் தலித் சகோதரர்கள். சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டால் அவர்களுடைய நோயும் ரயிலேறிவிடும் என்பது உங்கள் கணக்கு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் மூழ்கிச் செத்தபோது நாடே பார்த்தது. ஒரே இரவில் பத்துச் சடலங்களை யாராலும் மறைக்க முடியாது. பத்து ஆண்டுகளில் பத்து ஊர்களில் ஒவ்வொருவராகச் சாகும்போது யார் பார்க்கிறார்கள்?

பெரிய கம்பெனி செய்தால் மட்டும் அநியாயமா?

கொடைக்கானல் விஷயத்தில் நாம் எல்லோரும் நியாயவான்கள். பாதரச தெர்மாமீட்டர் ஆலை அமெரிக்காவிலிருந்து அங்கே வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று. 2001 மார்ச்சில் உடைந்த தெர்மாமீட்டர் கழிவுகள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு மூட்டை மூட்டையாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கழிவு போய்ச் சேர்ந்துவிட்டது. தொழிலாளிகள்? தங்களுக்கு வந்த நோய் வேலையால் வந்தது என்று அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கம்பெனியோ, எங்கள் வேலையால் யாருக்கும் உடல்நலம் கெடவில்லை என்று கடைசிவரை சொல்லிற்று. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. ஒரு வருடம் முன்பு சென்னைப் பெண் ஒருவர் பாடிய ராப் பாட்டு உலகமெல்லாம் ஓடியபோது நம் இளைஞர்களும் அதைப் பகிர்ந்து கொதித்தார்கள். சரிதான்.

ஆனால் தம்பி, நெஞ்சைத் தொட்டுச் சொல். பன்னாட்டுக் கம்பெனி பாதரசத்தை மறைத்தால் அநியாயம். நம் மாமா பட்டறையில் குரோம் புண்ணை மறைத்தால் அது தொழில் ரகசியமா?

பதினைந்து ஆண்டு இழுபறி ஏன் என்று யோசியுங்கள். யாருக்கு எப்போது என்ன வந்தது என்று வந்த நாளிலேயே எழுதி, அரசாங்கத்திடம் ஒரு பிரதி இருந்திருந்தால் வாதம் இவ்வளவு நீண்டிருக்குமா? தொழில் நோய்க்கு இருக்கிற பெரிய சாபம் இதுதான். விபத்துக்கு நேரமும் இடமும் உண்டு. நோய்க்கு எழுத்து ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை எழுத வேண்டியவரே எதிர்த்தரப்பாகவும் இருக்கிறார்.

நம்மவர்கள் சொல்லும் சாக்குகள்

"தகவல் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் வருவார், கவர் கேட்பார்." வரலாம், கேட்கலாம். இல்லை என்று சொல்ல நான் குழந்தையில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் கவர் கேட்பது எதை வைத்து? நீங்கள் மறைத்ததை வைத்து. மறைத்தவன்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். தானே எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்திருப்பவனிடம் கேட்க என்ன இருக்கிறது? புதிய சட்டத்தில் அவருக்கு 'வழிகாட்டி' என்றும் ஒரு பட்டம் சேர்த்திருக்கிறார்கள். எப்படி வழிகாட்டுகிறார் என்று பார்ப்போம்.

"ஏற்கெனவே முஸ்லிம் வியாபாரி என்றால் குறிவைக்கிறார்கள். மாட்டுத்தோல் லாரியை வழிமறிக்கிறார்கள். நாமே நம் குறையை எழுதிக் கொடுப்பதா?" இது லேசான சாக்கு இல்லை. பயம் உண்மையானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் குறிவைப்பவன் எதைத் தேடுகிறான்? மறைத்த கோப்பைத் தேடுகிறான். பேரணியில் நமக்கு நியாயம் கேட்கும் அதே வாய் பட்டறையில் பக்கத்து ஸஃப்பில் நிற்பவனுக்கு நியாயம் இல்லை என்று சொன்னால், அந்தக் கோஷத்துக்கு என்ன எடை? சமுதாயம் என்றால் முதலாளிகள் மட்டும்தானா? புண் வந்தவன் சமுதாயத்தில் சேர்த்தி இல்லையா?

"அவன் என் ஆள் இல்லை. கான்டிராக்டர் ஆள்." உங்கள் கூரை, உங்கள் டிரம், உங்கள் மருந்து, உங்கள் சரக்கு. நோய் மட்டும் கான்டிராக்டருடையதா!

"என்னிடம் ஆள் குறைவு, சட்டம் பொருந்தாது." பத்துப் பேருக்குக் குறைவாகக் காட்ட மச்சான் பெயரில் ஒரு லைசென்ஸ், தம்பி பெயரில் ஒரு லைசென்ஸ், நடுவில் ஒரு தட்டிச்சுவர். ஜி.எஸ்.டி.க்காரர்களுக்குத் தெரியாத தந்திரமா இது? அபாயகரமான தொழில் என்று அரசு அறிவித்த இடத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் புதிய சட்டம் பொருந்தும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"மருந்துச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், போதாதா?" பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஈ.எஸ்.ஐ.க்கு நீங்கள் 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள். அவன் சம்பளத்தில் 0.75 பிடிக்கிறீர்கள். வேலையால் வந்த நோய், வேலையில் பட்ட காயத்துக்குச் சமம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் வரை உதவித்தொகை உண்டு. அவனுக்கு உரிய பெட்டி, அவனும் பணம் போட்ட பெட்டி. உங்கள் அறிவிப்பு அதன் சாவி. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஐயாயிரம் ரூபாய் நீட்டுகிறீர்களே, இதற்குப் பெயர் உபகாரமா? ஈ.எஸ்.ஐ.யே கட்டவில்லை என்றால் கதை வேறு. அப்போது முழு ஈட்டுத்தொகையும் உங்கள் தலையில்தான். தொழில் நோயை விபத்தாகவே கருதி ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிற விதி.

ஜகாத் கணக்கில் எழுதாதீர்கள்

இப்போது நான் ஓதிய பாடத்துக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் எந்த ஹாஜியாரும் வாதத்துக்கு வரலாம்.

ஜகாத்தை வேலைக்குக் கூலியாகக் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டிய கடனை ஜகாத்தால் அடைத்துவிட்டு இரண்டு கணக்கையும் முடிக்க முடியாது. சின்ன வகுப்பு மாணவனும் அறிந்த மஸ்அலா இது. உங்கள் பட்டறையில் கெட்ட நுரையீரலுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது ஈடு. அது அவனுடைய ஹக். ஹக்கைக் கொடுப்பவன் தர்மவான் ஆகமாட்டான். கடனை அடைத்தவன் ஆவான். ஒரு லட்சம் கடன்பட்டவன் ஐயாயிரத்தைக் கொடுத்து, அதையும் ஜகாத் என்று எழுதிக்கொண்டால், அவன் இரண்டு இடத்தில் ஏமாற்றுகிறான். ஜகாத்தும் நிறைவேறவில்லை. கடனும் தீரவில்லை.

அடுத்தது மறைப்பு. ஃபிக்ஹு கிதாபுகளில் வியாபாரப் பாடத்தைத் திறந்தால் சரக்கின் குறையைப் பற்றி ஒரு பகுதியே இருக்கும். குறையைச் சொல்லாமல் விற்றால் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கலாம். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நீங்கள் நூறு பயானில் கேட்டிருப்பீர்கள். நாம் பின்பற்றும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளி குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டதற்காக அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சரக்கின் குறைக்கே இந்தக் கண்டிப்பு. வேலைக்கு வரும் புதுப் பையனிடம் "இந்த மிஷினில் நின்றவனுக்கு மூச்சுக் கெட்டது" என்று சொல்லாமல் அவன் உடம்பை வாங்குகிறீர்களே, அந்த வியாபாரத்துக்கு எந்தக் கிதாபில் அனுமதி பார்த்தீர்கள்? தானியக் குவியலில் மறைந்திருந்தது ஈரம் மட்டும்தான்.

முதலாளிமார்களே, உங்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுத்து, காற்று உறிஞ்சும் கருவி வைத்து, ஆண்டுக்கொரு முறை டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கிறவர்களை நான் அறிவேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகச் செய்தாலும் சரி, செய்கிறார்களே. ஆனால் அவர்களிலும் நோயை எழுதி அறிவிக்கும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

இளைஞர்களுக்கு

தம்பிகளே, உங்களில் பலர் அந்தப் பட்டறைகளில் கணக்கு எழுதுகிறீர்கள், சூப்பர்வைசராக நிற்கிறீர்கள், முதலாளியின் மகனாகவோ மருமகனாகவோ இருக்கிறீர்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு எந்தப் பட்டறையிலிருந்து எத்தனை பேர் ஒரே களிம்பைக் கேட்டு வருகிறார்கள் என்று எந்த அதிகாரியையும் விட நன்றாகத் தெரியும். போஸ்டர் ஒட்டுவதற்கு இரவில் விழித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இதற்குக் கொடுங்கள்.

முதலில், வடநாட்டுச் சகோதரர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பணி நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதமோ எண்ணோ இல்லாதவன் நாளை நோயோடு ஊருக்குப் போனால், இங்கே வேலை செய்தான் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

பிறகு ஒரு நீள நோட்டு. பெயர், வயது, எந்த வேலை, எந்த மருந்து அல்லது தூசி, எந்தத் தேதியிலிருந்து, என்ன உபாதை, எந்த டாக்டர் பார்த்தார். டாக்டர் சீட்டில் நோயின் பெயரோடு தொழிலின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அட்டவணை நோய் என்று தெரிந்தால் அவரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்; பணிவோடு நினைவூட்டுங்கள்.

அறிவிப்பை முதலாளியே கையெழுத்திட்டு அனுப்பட்டும். தமிழ்நாட்டில் அது போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகம். முதலில் முதலாளியிடமே போங்கள். ஜமாஅத்தில் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு, மரியாதையாக, நோட்டோடு போங்கள். எழுதித் தருகிறேன் என்றால் உதவி செய்யுங்கள், பலருக்குப் படிவம் நிரப்பத் தெரியாததும் ஒரு காரணம். மறுத்தால், பதினைந்து நாள் தவணை சொல்லிவிட்டு, தொழிலாளியின் சம்மதத்தோடு அவன் பெயரிலேயே மனு எழுதுங்கள். நகல் ஒன்று அவன் கையில், ஒன்று உங்கள் நோட்டில். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். அதை அவனுடைய டாக்டர் சீட்டோடு பின் அடித்து வையுங்கள்.